முதலில் மீட்டர், பிறகு பேட்டரி

"வண்டி செல்ஃப் எடுக்க மாட்டேங்குது" என்று போன் வந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி, "சாவியைத் திருப்பினா என்ன சத்தம் வருதுங்க?" சிலருக்குக் கோபம் வந்துவிடும். வேலைக்குப் போகிற அவசரத்தில் இருப்பார்கள். "பேட்டரிதான் போயிருச்சு, புதுசா ஒண்ணு எடுத்துட்டு வாங்க" என்பார்கள். ஆனாலும் சத்தத்தைக் கேட்காமல் நான் கடையிலிருந்து கிளம்புவதில்லை.

டக்டக்டக் என்று வேகமாக அடித்து, டேஷ்போர்டு விளக்குகளும் மங்கினால் பேட்டரியில் சார்ஜ் இல்லை. இஞ்சின் முனகி முனகிச் சுற்றினால் பேட்டரி தளர்ந்திருக்கலாம். பேட்டரியிலிருந்து பாடிக்கும் இஞ்சினுக்கும் போகிற எர்த் கேபிள் துருவேறிக் கிடந்தாலும் அதே முனகல்தான் வரும். ஒரே ஒரு டக், விளக்குகள் மட்டும் பளிச்சென்று எரிகின்றன என்றால் ஸ்டார்ட்டர் மோட்டார் பக்கம் பார்க்க வேண்டும். சத்தமே இல்லை, ஹாரன் மட்டும் நன்றாக அடிக்கிறதா? ஃபியூஸ், ரிலே, கிளட்ச் சுவிட்ச், சாவிக்குள் இருக்கும் சிப் என்று தேடும் இடங்கள் வேறு. இஞ்சின் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் பேட்டரி தன் வேலையைச் செய்துவிட்டது. குறை பெட்ரோல் வருகிற வழியிலோ சென்சாரிலோ இருக்கிறது.

இந்த ஐந்தில் எதற்கு வேண்டுமானாலும் ஒரு புதுப் பேட்டரியை விற்றுவிடலாம். விற்கிறார்கள். கோயம்புத்தூரில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் எனக்கு இந்தத் தொழிலில் உள்ள பெரிய வருத்தம் அதுதான். நான்காயிரம், ஐயாயிரம் கொடுத்துப் பேட்டரி மாற்றிவிட்டு, அடுத்த மாதமே அதே வண்டி அதே வாசலில் நின்றுவிட்டதாகச் சொல்கிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

காருக்குள் இருக்கும் பேட்டரி மிகப் பழைய கண்டுபிடிப்பு. பிரான்ஸ் நாட்டின் காஸ்டன் பிளாந்தே 1859இல் செய்த ஈய–அமில பேட்டரியின் வழிவந்ததுதான் இன்றைக்கும் நம் பானட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஆரம்பத்தில் கார்களை முன்பக்கம் கைப்பிடி போட்டுச் சுற்றித்தான் கிளப்பினார்கள். அது எதிர்த்து அடித்துக் கை உடைந்தவர்கள் உண்டு. 1912இல் அமெரிக்காவின் காடிலாக் கார்களில் சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின் ஸ்டார்ட்டர் வந்தது. அன்றிலிருந்து காரைக் கிளப்புவது பேட்டரியின் பொறுப்பு.

உள்ளே ஆறு செல்கள். ஒவ்வொன்றும் இரண்டு வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே. இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் மீட்டர் வைக்கும்போது 12.6 வந்தால் பேட்டரி நிறைவாக இருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12க்குக் கீழே போனால் கவலைப்பட வேண்டும். எவ்வளவு நேரம் சார்ஜ் ஏற்றினாலும் 10.5 பக்கத்திலேயே நின்றால் ஒரு செல் போய்விட்டது, அதை மாற்றத்தான் வேண்டும். வண்டியைக் கிளப்பிய பிறகு டெர்மினலில் 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். கிளப்பிய பிறகும் 12.4, 12.3 என்று இறங்கிக்கொண்டே இருந்தால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் கொடுக்கவில்லை. நீங்கள் எத்தனை புதுப் பேட்டரி வைத்தாலும் அது காலியாகத்தான் போகும். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டுப் பேட்டரியைக் கொதிக்க வைத்துக்கொண்டிருக்கிறது. இப்போது வரும் சில வண்டிகளில் கம்ப்யூட்டரே ஆல்டர்னேட்டரைக் கூட்டிக் குறைக்கும். அவற்றில் ஒரே ஒரு அளவைப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

இவற்றைப் பார்க்க உதவும் மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கார் வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

நம் ஊரில் பேட்டரியைக் கொல்வது வெயில். குளிர் நாடுகளில் பனிக்காலத்தில் வண்டி நின்றுவிடும் என்பார்கள். இங்கே சித்திரை, வைகாசி வெயிலில் பானட்டுக்குள் ஏறும் சூட்டில் உள்ளே இருக்கும் ஈயத் தகடுகள் அரிக்கப்படுகின்றன, தண்ணீர் வற்றுகிறது. வெப்பம் பத்து டிகிரி கூடினால் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது தொழிலில் உள்ள பொதுக்கணக்கு. ஆனால் கெட்டது வெயிலில் தெரிவதில்லை. ஐப்பசி மழையில் வைப்பர், ஹெட்லைட், கண்ணாடிப் புகை போக்கும் ஃபேன் எல்லாம் சேர்ந்து ஓடும்போதுதான் தெரிகிறது. அதனால் மழைக்காலம் வரும் முன்பே பேட்டரியை ஒரு தடவை பரிசோதித்துவிடுவது நல்லது. சமவெளி ஊர்களில் மூன்று, நான்கு வருடம் உழைத்த பேட்டரி தளர்ந்தால் அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

வெயிலுக்கு அடுத்த கேடு, வண்டி ஓடாமல் நிற்பது. 2020 ஊரடங்கு முடிந்து வண்டிகளை எடுத்தபோது என் கடைக்கு வந்த கூட்டத்தை என்னால் மறக்க முடியாது. எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "வண்டியைத் தொடவே இல்லையே, எப்படிங்க பேட்டரி போகும்?" பூட்டி நிற்கும் காரும் மின்சாரம் எடுத்துக்கொண்டேதான் இருக்கிறது. அலாரம், சென்ட்ரல் லாக், கடிகாரம், கம்ப்யூட்டரின் நினைவு எல்லாவற்றுக்கும் சேர்த்து 30 மில்லி ஆம்பியர் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர் மணி (ஏ.எச்.). ஒரு மாதத்தில் 21, 22 ஏ.எச். சிறிய கார்களில் இருப்பது 35 ஏ.எச். பேட்டரி. மாதம் முடியும்போது பாதிக்கு மேல் தீர்ந்திருக்கும். அப்படிக் காலியாகவே கிடந்தால், வெந்நீர்ப் பானையில் உப்புப் படிவது மாதிரி தகடுகளில் ஈய சல்பேட் கெட்டியாகப் படிந்து, பிறகு சார்ஜ் ஏற்றினாலும் கரையாது. வாரம் ஒரு தடவை வாசலிலேயே பத்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பது போதாது. அரை மணி நேரமாவது ரோட்டில் ஓட்ட வேண்டும். ரொம்ப நாள் ஊருக்குப் போவதாக இருந்தால் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வைத்துவிடலாம். ரேடியோவுக்கு ரகசிய எண் உள்ள வண்டியென்றால் அதை முன்பே குறித்துவையுங்கள்.

இதையெல்லாம் சரியாகச் செய்தும் பேட்டரி தொடர்ந்து போகிறது என்றால் அங்கேதான் நல்ல மெக்கானிக் வேண்டும்.

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் வந்தார். செகண்ட் ஹேண்டில் வாங்கிய சிறிய கார். வாரக் கடைசியில் மகள் வீட்டுக்குப் போவதோடு சரி. "போன தீபாவளிக்கு ஒண்ணு, இந்தச் சித்திரைக்கு ஒண்ணு, ரெண்டு பேட்டரி மாத்தியாச்சுங்க தம்பி. இப்ப மறுபடியும் தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணேன்" என்றார். முன்பு பார்த்த இரண்டு இடத்திலும் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். "பேட்டரி வீக்குன்னாங்க. அவ்வளவுதான்."

பேட்டரியைத் தனியாக சார்ஜ் ஏற்றிப் பார்த்தேன், குறையில்லை. ஆல்டர்னேட்டர் 14.2 கொடுத்தது. அப்படியென்றால் நிற்கும்போது எங்கேயோ கசிகிறது. நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் டெர்மினலுக்கும் நடுவே ஆம்பியர் மீட்டரைக் கோர்த்து, கதவுகளைச் சாத்திவிட்டுக் காத்திருந்தேன். கதவைச் சாத்தியவுடன் பார்க்கக் கூடாது. வண்டியின் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகத் தூங்க அரை மணி நேரம்கூட ஆகலாம். 50 மில்லி ஆம்பியருக்குள் இறங்க வேண்டிய முள் 600க்குக் கீழே வரவே இல்லை. ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கினேன். எதைப் பிடுங்கினாலும் அளவு குறையவில்லை. ஃபியூஸ் பெட்டிக்கு வராமல் பேட்டரியிலிருந்தே நேராகப் போகும் ஒரு வயர் இருக்கிறது என்று அர்த்தம். அது எங்கே போகிறது என்று தொட்டுக்கொண்டே போனால், பின் சீட்டுக்கு அடியில் ஒரு ஆம்ப்ளிஃபயர். பழைய ஓனர் பாட்டுக் கேட்க மாட்டியது. ஸ்டீரியோவை அணைத்தால் ஆம்ப்ளிஃபயரும் அணைய வேண்டும். அதற்கென்று உள்ள ரிமோட் வயரை யாரோ எப்போதும் கரண்ட் இருக்கும் வயரில் சேர்த்து முறுக்கியிருந்தார்கள். அதனால் அது ராத்திரி பகலாக விழித்தே கிடந்தது. 600 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 14 ஏ.எச். மூன்றாம் நாள் 35 ஏ.எச். பேட்டரியில் எதுவும் மிஞ்சாது.

அந்த ஒரு வயரைச் சரியான இடத்தில் சேர்த்தேன். பேட்டரி மாற்றவில்லை. சார் கணக்குப் போடுகிறவர், நின்ற இடத்திலேயே யோசித்துவிட்டு, "அப்ப முதல் பேட்டரியே நல்லாத்தான் இருந்திருக்கும், இல்லீங்களா?" என்று கேட்டார். இருந்திருக்கும் சார் என்று சொல்வது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அந்த இரண்டு இடத்தில் இருந்தவர்களும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். இந்தக் கசிவைக் கண்டுபிடிக்க ஒரு வேளை முழுக்கத் தேவைப்படலாம். அந்த நேரத்துக்கு யார் காசு கொடுப்பது? "சும்மா பார்த்ததுக்கா இவ்வளவு?" என்று கேட்கிற வாடிக்கையாளர்கள்தான் அதிகம். பேட்டரி மாற்றுவது கால் மணி நேர வேலை. விற்பனையில் கமிஷன், பழைய பேட்டரியில் ஈயத்துக்கு விலை. பார்த்துச் சொல்வதற்குக் கூலி இல்லை, மாற்றினால் லாபம் என்றால் ஒர்க்‌ஷாப் எதைச் செய்யும்? நம்பகமான மெக்கானிக் கிடைக்கவில்லை என்று வருந்துகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: கண்டுபிடிப்பதற்குக் கூலி கொடுங்கள். வண்டியை விடும்போதே, "செக் பண்றதுக்கு எவ்வளவு ஆகும்? எதையும் மாத்தலைன்னாலும் அதைக் கொடுத்துடறேன்" என்று சொல்லுங்கள். இந்த ஒரு பேச்சுக்குப் பிறகு மெக்கானிக் உங்கள் வண்டியைப் பார்க்கும் விதமே மாறும். நல்லவருக்கு நிதானமாக வேலை செய்ய இடம் கிடைக்கும்.

அவர் நல்லவரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பானட்டைத் திறந்ததும் கை எங்கே போகிறது என்று பாருங்கள். மீட்டரை எடுக்கிறவர், அளவை உங்களிடமும் காட்டுகிறவர், "பேட்டரி எப்ப வாங்கினது, வண்டி தினம் ஓடுமா, கேமரா, ஜி.பி.எஸ். ஏதாச்சும் புதுசா மாட்டினீங்களா?" என்று கேட்கிறவர் இருக்கும் இடத்தில் வண்டியை விடலாம். டெர்மினலில் வெள்ளையாகவும் பச்சையாகவும் பூத்திருந்தால் அதைச் சுத்தம் செய்து, கிளாம்பை இறுக்கிவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்கிறவர் அருமையானவர். பாதிப் பிரச்சினை அதிலேயே முடிந்துவிடும். வாயால் மட்டும் பேட்டரி வீக் என்கிறவரிடம் எத்தனை வோல்ட் என்று மரியாதையாகக் கேளுங்கள்.

சில இடங்களில் டெஸ்டரை வைத்து, 'மாற்றவும்' என்று அச்சடித்த சீட்டை நீட்டுவார்கள். பேட்டரி காலியாக இருக்கும்போது எடுத்த சீட்டா, முழுதாகச் சார்ஜ் ஏற்றிவிட்டு எடுத்ததா என்று கேட்பது முக்கியம். சார்ஜ் இல்லாத நல்ல பேட்டரியும் அந்த டெஸ்டரில் கெட்டதாகத் தெரியலாம்.

கம்பெனி சர்வீஸ் சென்டரைத் தவிர வெளியே காட்டினால் வாரண்டி போய்விடும் என்ற பயம் பலருக்கு. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று கொடுத்த உத்தரவை அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உதிரி பாகங்களும் பழுது பார்க்கும் விவரங்களும் வெளி ஒர்க்‌ஷாப்களுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது ஆணையம். வெளியே வேலை பார்த்தார்கள் என்ற ஒரே காரணத்துக்காக மொத்த வாரண்டியையும் ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றும் சொன்னது. அந்த உத்தரவை எதிர்த்துக் கம்பெனிகள் மேல்முறையீடு செய்தன. என் அனுபவத்தில் கம்பெனி சென்டரிலும் அக்கறையானவர்கள் இருக்கிறார்கள், புளியமரத்தடி ஒர்க்‌ஷாப்பிலும் இருக்கிறார்கள். ஆனால் வாரண்டிக் காலத்தில் வெளியே யாரிடமும் வயரை வெட்டிச் சேர்க்கிற வேலையை மட்டும் செய்யவிடாதீர்கள். அந்த வெட்டினால் வரும் பழுதுக்குக் கம்பெனி கைவிரித்தால் அதில் நியாயம் இருக்கிறது.

சரி, பேட்டரி நிஜமாகவே போய்விட்டது, வாங்க வேண்டும். பழைய பேட்டரியின் சைஸும் டெர்மினல் பக்கமும் மாறக் கூடாது. சைஸ் எண்ணின் கடைசியில் உள்ள எல், ஆர் எழுத்து பிளஸ் எந்தப் பக்கம் என்பதைக் காட்டுகிறது. மாறிப்போனால் கேபிளை இழுத்துக் கட்டுவார்கள், ஆபத்து. சிக்னலில் நின்றால் தானே அணைந்து, கிளட்சை மிதித்தால் தானே கிளம்பும் வண்டியென்றால் அதற்கென்று செய்த ஈ.எஃப்.பி. அல்லது ஏ.ஜி.எம். பேட்டரிதான் போட வேண்டும். விலை குறைவு என்று சாதாரணப் பேட்டரி போட்டால் சீக்கிரமே சாகும். மேலே அச்சடித்திருக்கும் தயாரிப்புத் தேதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், மாதக்கணக்கில் கடையில் தூங்கிய பேட்டரி வேண்டாம். மூடி திறக்கிற பேட்டரியென்றால் டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறு எதையும் ஊற்றவிடாதீர்கள். குழாய்த் தண்ணீரும் கூடாது, குடிக்கிற கேன் தண்ணீரும் கூடாது, 'கொஞ்சம் ஆசிட் விடலாம்' என்பதும் கூடாது.

வாரண்டியில் இரண்டு பகுதி உண்டு. 24+24 மாதம் என்றால் முதல் 24 மாதம் இலவசமாக மாற்றித் தருவார்கள். அடுத்த 24இல் புதுப் பேட்டரி விலையில் கொஞ்சம் தள்ளுபடிதான். 48 மாத வாரண்டி என்று வாயால் சொல்கிற கடையில் இதைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். சீரியல் நம்பரும் தேதியும் எழுதிய வாரண்டி கார்டும், ஜி.எஸ்.டி. பில்லும் கையில் இல்லாமல் நகராதீர்கள்.

பழைய பேட்டரியை என்ன செய்வது என்பதும் உங்கள் பொறுப்புதான். பத்து கிலோ அளவுக்குக் கனக்கும் அந்தப் பெட்டியில் பாதிக்கு மேல் ஈயம். அதைத் தெருவில் வருகிற ஆளிடம் கூடுதலாக ஐம்பது, நூறு ரூபாய்க்குப் போட்டால் அது எங்கேயோ ஒரு கொட்டகையில் உடைக்கப்படும். அமிலம் மண்ணில் போகும், ஈயத்தை உருக்கும் புகை அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் உடம்பில் ஏறும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று அதற்கு இல்லை. 2022இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரியை வீட்டுக் குப்பையோடு சேர்க்காமல் முறையாகச் சேகரிக்கிற அல்லது மறுசுழற்சி செய்கிற இடத்தில் ஒப்படைக்கச் சொல்கின்றன. புதுப் பேட்டரி வாங்கும் டீலரிடமே கொடுத்து, அதற்குக் கழித்த தொகையைப் பில்லில் எழுதி வாங்குங்கள். நான் பயிற்சி கொடுக்கும் பையன்களிடம் இந்த ஒரு விஷயத்தில் கொஞ்சமும் விட்டுக்கொடுப்பதில்லை.

இவ்வளவு பார்த்து வாங்கியும் வாரண்டிக்குள் பேட்டரி போய், கடைக்காரர் "உங்க வண்டியிலதான் கோளாறு" என்று கையை விரித்தால், எந்தச் சோதனையில் அப்படித் தெரிந்தது என்று எழுத்தில் கேளுங்கள். கொடுக்க மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து புகாரைப் பதியலாம். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐயாயிரம் ரூபாய்ப் பேட்டரிக்கு வழக்கா என்று தயங்க வேண்டாம். ஐந்து லட்சம் வரை உள்ள பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்துத்தான் பேச வேண்டும் என்பதும் இல்லை. பில், வாரண்டி கார்டு, யாராவது மீட்டர் வைத்து அளந்து எழுதிக் கொடுத்த சீட்டு, இந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.